வெறுங்கால் நேர்த்தி

முதல் அறிகுறி ஒரு செருப்பு.

கோப்பாய்ச் சந்திக்குக் கிட்ட, கையில் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு நடந்து வந்துகொண்டிருந்தேன். பின்னால் சைக்கிளில் வந்த ஒரு பெண்பிள்ளை மணியடித்து நிறுத்தி, "அண்ணை, உங்கடை செருப்பு அங்கை கிடக்குது" என்றாள். குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்கால். செருப்பு கழன்றதும் எனக்குத் தெரியவில்லை, கல்லு ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்ததும் தெரியவில்லை. "வார் தளந்துபோச்சுது, தங்கச்சி" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ப் போட்டுக்கொண்டேன். வழியெல்லாம் செருப்பைத்தான் திட்டினேன்.

நான் குருநகரில் படகு எஞ்சின் திருத்தும் கடை வைத்திருந்தவன். ஷெல் விழத் தொடங்கிக் கரையில் இருக்க முடியாமல் போனபின், நானும் மனைவி திரேசாவும் கோப்பாயில் மயில்வாகனம் அண்ணையின் வீட்டில் ஒரு பாதியில் குடியேறினோம். அவர் சைவர், புகையிலையும் வெங்காயமும் செய்கிறவர். கடலில் இறங்கத் தடை இருந்தபடியால் படகு எஞ்சினைத் தேடி யாரும் வருவதில்லை. தோட்டக்காரரின் இறைப்பு மெஷின்களை மண்ணெண்ணெயில் ஓடப் பண்ணிக் கொடுத்துச் சீவித்தேன்.

செருப்புக்குப் பிறகு தாகம் வந்தது. செம்பு செம்பாகக் குடித்தேன், குடித்ததெல்லாம் அப்படியே போனது. வேலியோரம் நான் சலம் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைத் திரேசாதான் கண்டாள். "இஞ்சாருங்கோ, இது சலரோகமேதான், சீனி வருத்தம். நாளைக்கு வெள்ளண ஆஸ்பத்திரிக்குப் போறம்" என்றாள். நான் விசர்க்கதை கதையாதே என்றேன். ஆனாலும் அடுத்த நாள் போனேன்.

டொக்டர் இளம் ஆள். என்னைக் கண்ணை மூடச் சொன்னார். காலடியில் ஏதோ செய்துகொண்டிருந்தார் போலும்.

"இப்ப நான் என்ன செய்யிறன்?"

"ஒண்டும் செய்யேல்லை, டொக்டர்."

கண்ணைத் திறக்கச் சொன்னார். ஊசி என் பெருவிரலில் குத்தி நின்றது. அதன் அடியில் ஒரு பொட்டு இரத்தம். அது என் விரல் என்று என்னால் நம்பவே முடியவில்லை.

நியூரோபதி (நெடுநாட் சலரோகத்தால் நரம்புகள் உணர்விழந்து போதல்) என்றார். "உங்களுக்கு இந்த வருத்தம் கனகாலமாக் கிடந்திருக்குது, ஐயா. இனி உங்கடை காலுக்கு நோவு தெரியாது. நோவுதான் காலுக்குக் காவல். காவல் போயிட்டுது. கிணத்தடிக்குப் போறதெண்டாலும் செருப்புப் போடவேணும், விளங்குதோ?"

விளங்கியது. அதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது. விளங்காமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

இன்சுலின் (இரத்தத்தில் சீனியைக் குறைக்கும் ஊசிமருந்து) எழுதித் தந்தார்கள். மின்சாரம் இல்லாத ஊரில் குளிர்ப்பெட்டிக்கு எங்கே போவது? திரேசா ஒரு புதுப்பானையில் ஈர மணலை நிரப்பி, மருந்துக் குப்பியை அதற்குள் புதைத்து வைத்தாள். மணல் காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பாள். மருந்து கிடைக்காத கிழமைகளும் இருந்தன. அந்தக் கிழமைகளில் மாவுச் சாப்பாட்டைக் குறைத்துக் கீரையைத் தின்று சமாளித்தேன்.

இனி மற்ற விடயத்தைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் என் காலின் கதை யாருக்கும் விளங்காது.

நாங்கள் குருநகரில் இருந்த காலத்தில் என் தம்பி பெனடிக்ற் ஒரு நாள் கடலுக்குப் போனான். அவனுடைய வள்ளம் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. யார் செய்தது, என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது. செத்தவீட்டுக்கு வந்த சனம், உடல் இல்லாத அந்த வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேவசித்தம், என்ன செய்யிறது" என்றார்கள். என்ன சித்தம்? அவனுடைய பிள்ளைக்கு அப்போது பல்லுக்கூட முளைத்திருக்கவில்லை. அன்றைக்கு விட்டேன் கோயிலை.

விட்டேன் என்றால் முழுதாக விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் திரேசாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்க் கோயில் வாசலில் இறக்குவேன். பூசை முடியும்வரை எதிரே தேத்தண்ணிக் கடையில் இருந்து சுருட்டுப் பிடிப்பேன். அவள் என்னை ஒரு நாளும் வா என்று கூப்பிட்டதில்லை. உள்ளே எனக்காக மன்றாடுகிறாள் என்று மட்டும் தெரியும். தெரிந்தபடியால் நான் இன்னும் கொஞ்சம் விறைத்துக்கொண்டேன். அப்படியே வருடங்கள் போயின.

சலரோகம் கண்ட பிறகு வந்த தபசு காலத்துக்கு (உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நோன்புக் காலம்) சற்று முன்னர், எங்களோடு இடம்பெயர்ந்து வந்திருந்த சுவாமியார் ஒரு கிடுகுக் கொட்டிலில் தியானம் வைத்தார். ஒலிபெருக்கிக்கு ஒரு ஜெனரேட்டர் இரவல் வந்தது. அது ஒரு கோதாரி பிடித்த மெஷின். பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும், மாற்றும்போது பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் நின்றுவிடும். திரேசா வந்து, "உள்ளை வரவேண்டாம். மெஷினை மட்டும் பாருங்கோவன்" என்றாள். மெஷினுக்கு நான் மாட்டேன் என்று சொல்வதில்லை.

அப்படித்தான், கொட்டிலுக்கு வெளியே ஒரு பலாக்குற்றியில் உட்கார்ந்து, விரும்பியோ விரும்பாமலோ பிரசங்கம் முழுவதையும் கேட்டேன். பிரசங்கம் என்னை ஒன்றும் செய்யவில்லை. கடைசி நாள் பின்னேரம் பாட்டு நடுவில் மெஷின் நின்றுபோனது. உள்ளே சனம் நிறுத்தவில்லை. ஒலிபெருக்கி இல்லாமல் வெறுந்தொண்டையில் பாடிக்கொண்டே இருந்தது. நானும் தம்பியும் சின்ன வயதில் வள்ளத்தில் வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு அது. கயிற்றைச் சுற்றி இழுக்கப் போன என் கை அப்படியே நின்றது. வாய் பாடிக்கொண்டிருந்தது. மெஷினை மறந்து போனேன்.

பாட்டு முடிந்ததும் சுவாமியார் வெளியே வந்து பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. "ஏன் நிண்டது?" என்று கேட்டார். மெஷினைக் கேட்கிறார் என்றுதான் நினைக்கிறேன். நான் வேறு ஏதோ சொல்லத் தொடங்கிவிட்டேன். அங்கேயே, மண்ணெண்ணெய் மணத்துக்குள்ளே, பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுதல்) செய்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கோ. ஆறுதலாச் சொல்லுங்கோ. அது போதும்" என்றார்.

அவ்வளவுதானா? எனக்கு உண்மையில் ஏமாற்றமாக இருந்தது. இத்தனை வருடம் கடவுளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தவனுக்கு ஒரே ஒரு மந்திரமா? பழுது எவ்வளவோ வேலையும் அவ்வளவு இருக்கவேண்டும். எஞ்சின் திருத்துகிறவனுக்கு வேறு கணக்குத் தெரியாது. சுவாமியார் எனக்கு இரக்கப்பட்டுக் குறைத்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். மிச்சத்தை நானே போட்டுக்கொண்டேன். தபசு காலம் முழுக்க ஒருசந்தி (ஒரு நேரம் மட்டும் உண்டு நோன்பிருத்தல்), பெரிய வெள்ளிச் சிலுவைப்பாதை முடியும்வரை செருப்பே போடுவதில்லை என்று நேர்த்தி வைத்தேன்.

திரேசாவின் முகத்தில் இரண்டு விதமான யோசனை ஓடியது எனக்குத் தெரிந்தது. "டொக்டர் செருப்புப் போடச் சொன்னவரெல்லே?" என்றாள், மெல்லமாக.

"ஆண்டவருக்கு வைச்ச நேர்த்தி. அவர் பாத்துக்கொள்ளுவார்."

அவள் என் செருப்பை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள்.

மற்ற எல்லாருக்கும் என் நேர்த்தி பிடித்திருந்தது. கோயிலில் கிழவிகள் என்னைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். மயில்வாகனம் அண்ணை என் காலைப் பார்த்துவிட்டு, "நேர்த்தியோ, சூசை? நல்லது, நல்லது. எங்கடை ஆக்களும் நல்லூர்த் திருவிழாவுக்கு வெறுங்காலோடைதான்" என்றார். அவருடைய மனைவி நான் வருகிற நேரம் படலையடியில் கால் கழுவ ஒரு வாளி தண்ணீர் வைத்தாள். எங்கள் ஊரில் வெறுங்காலோடு நடக்கிறவனை யாரும் தடுப்பதில்லை, வழிவிட்டுக் கொடுப்பார்கள். வேதக்காரரென்ன, சைவரென்ன, இதில் எல்லாரும் ஒன்று. எனக்கும் அது பிடித்திருந்தது. ஏன் மறைக்க வேண்டும், மிகவும் பிடித்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, பூசையில் முழந்தாளில் நின்றபோது உடம்பு நடுங்கியது. வியர்த்துக் கொட்டியது. கண்ணுக்கு முன்னால் பீடத்து மெழுகுதிரிகள் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. ஆவியானவர் என்மேல் இறங்குகிறார் என்று நினைத்தேன். ஐயோ, சிரிக்காமல் என்ன செய்வது! காலையில் இன்சுலினைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் வருகிற ஹைப்போகிளைசீமியா (இரத்தத்தில் சீனி மிஞ்சிக் குறைந்துபோதல்) அது. இறங்கியது சீனி. யாரோ ஒரு தாய் பனங்கட்டித் துண்டொன்றை என் வாயில் திணித்திராவிட்டால் அங்கேயே போயிருப்பேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

பெரிய வெள்ளி உச்சிவெயிலில் சிலுவைப்பாதை நடந்தது. தார் உருகிப் பக்கத்தில் வந்தவர்களின் செருப்பில் ஒட்டியது. வெறுங்காலோடு வந்த மற்றவர்கள் கரையில் நிழல் பார்த்துப் புல்லில் நடந்தார்கள். நான் நடு ரோட்டில் நேராக நடந்தேன். சிலுவையைச் சுமந்தவருக்கு அருகில் இருக்கிறேன் என்று நெஞ்சு நிறைந்திருந்தது. காலில் ஒரு நோவும் இல்லை.

அதைத்தான் நான் யோசித்திருக்க வேண்டும். நோவை ஒப்புக்கொடுக்கப் போனவனுக்கு நோவே இல்லையென்றால் அவன் எதை ஒப்புக்கொடுக்கிறான்?

அன்று பின்னேரம் வீட்டுக்குள் வந்தேன். திரேசா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் கால் கழுவினனீங்களோ?"

"இல்லை. ஏன்?"

சீமெந்து நிலத்தில் வாசலிலிருந்து என் கதிரைவரை ஒரு காலின் தடம் மட்டும் ஈரமாக வந்திருந்தது. இடது கால். தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலின் தோல் முழுதும் பொங்கி உடைந்து, பெருவிரலுக்குக் கீழே பச்சைத் தசை தெரிந்தது. அவள் "என்ரை மாதாவே" என்று நிலத்திலேயே குந்திவிட்டாள். எனக்கு அப்போதும் நோகவில்லை.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் கால் தப்பியிருக்கும் என்று பின்னர் டொக்டர் சொன்னார். நான் உயிர்த்த ஞாயிறு கழியட்டும் என்றேன். பூசைக்குப் போய், வருடங்களுக்குப் பிறகு உயிர்ப்புப் பூசையில் நன்மை (நற்கருணை) எடுத்தேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோசமாக இருந்த காலை வேறில்லை. துணி சுற்றிய காலுக்குள்ளே அழுகல் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே காலையில்தான்.

காய்ச்சல் அடித்து, நினைவு தடுமாறத் தொடங்கிய பிறகுதான் மயில்வாகனம் அண்ணை தன் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் ஏற்றிக்கொண்டு போனார். துணியை அவிழ்த்த டொக்டர் அதே இளம் டொக்டர். கண்டதும் கத்தினார்.

"ஆர் உங்களை வெறுங்காலோடை நடக்கச் சொன்னது?"

"ஒருதரும் சொல்லேல்லை, டொக்டர்."

காங்கிரீன் (இரத்தம் ஓடாமல் தசை அழுகிப்போதல்) என்றார். முதலில் விரல்களை எடுத்தார்கள். அழுகல் நிற்கவில்லை. இரண்டாம் முறை டொக்டர் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார், இப்போது கோபம் இல்லை. "காலைக் காப்பாத்தேலாது, ஐயா. ஆளைக் காப்பாத்தலாம். முழங்காலை உங்களுக்கு மிச்சம் வைச்சுத் தாறன்" என்றார். திரேசா தலையாட்டினாள். நான் சுவரைப் பார்த்தேன்.

முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கப் பண்ணினார்கள். தியேட்டரில் நினைவோடு கிடந்தேன். வெளியே ஜெனரேட்டர் ஓடியது. ஒரே சீராக, தும்மல் இல்லாமல். யாரோ அதை நன்றாகப் பார்த்து வைத்திருந்தார்கள். அந்தச் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கிடந்தேன். செபிக்கவில்லை. செபிக்க மனம் வரவில்லை.

சுவாமியார் வார்ட்டுக்கு நன்மை கொண்டுவந்தார். நான் முகத்தைத் திருப்பினேன்.

"அவருக்காகத்தானே நடந்தனான், சுவாமி. அவருக்காக. இதுதானே அவர் தந்தது?"

சுவாமியார் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். "உங்களுக்குச் சலரோகம் எண்டு எனக்குத் தெரியாது. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நேர்த்தியை மாத்தித் தந்திருப்பனே! அதுக்கு எங்களுக்கு அதிகாரம் இருக்குது. வருத்தக்காரருக்கு ஒருசந்தியே இல்லை, சூசை. கோயில் உங்களிட்டை அதைக் கேக்கேல்லை."

மாற்றித் தந்திருப்பாராம். ஒரு செபமாலையாக, ஒரு மெழுகுதிரியாக, ஏழைக்கு ஒரு நேரச் சோறாக. குருநகரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாமல் இல்லை. பிள்ளைப்பெறுவாகவோ வருத்தமாகவோ இருக்கிற பெண்கள் சுவாமியாரிடம் போய் நேர்த்தியை மாற்றுவதைச் சின்ன வயதிலிருந்து கண்டிருக்கிறேன். நான் கேட்கவில்லை. குறைத்துவிடுவார் என்ற பயம். எனக்குக் குறைந்தது வேண்டாம்.

அன்று நன்மை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "நீங்கள் எடுக்காட்டி நான் எடுக்கிறன்" என்று திரேசா என் கட்டிலோரம் முழந்தாளில் நின்று எடுத்தாள். சுவாமியார் போன பிறகுதான் அழுதாள். நான் அவளை அப்படி ஒரு நாளும் கண்டதில்லை.

"நான் கேட்டது உங்கடை காலை இல்லையப்பா. நீங்கள் கோயிலுக்கு வாறதை மட்டுந்தான் கேட்டனான். நீங்கள் வெறுங்காலோடை வெளிக்கிட்ட அண்டைக்கே மறிச்சிருக்கவேணும். மறிச்சா திரும்பவும் விட்டிட்டுப் போயிடுவியளோ எண்ட பயத்திலை வாயை மூடிக்கொண்டிருந்தன். இப்ப செபிக்க எனக்குப் பயமாக்கிடக்கு. நான் என்னத்தைக் கேட்டுப்போட்டனோ எண்டு பயமாக்கிடக்கு."

என் கால் போன துக்கத்தைவிட இது என்னைப் பிடித்து உலுக்கியது. நான் கடவுளை விட்டிருந்த காலமெல்லாம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவள். அவளுடைய செபத்தையும் சேர்த்து வெட்டிவிட்டேனா?

"உன்ரை மன்றாட்டு இல்லையடி, திரேசா. என்ரை திமிர்" என்றேன். "கடவுளுக்கும் நானே கணக்குப் போட்டன்."

மறுபடி சுவாமியார் வந்தபோது, கட்டிலில் கிடந்தபடியே பாவசங்கீர்த்தனம் செய்தேன். திமிரைச் சொன்னேன். அவர் மீண்டும் அதே ஒரு மந்திரத்தைத்தான் தந்தார். ஆறுதலாகச் சொன்னேன். அதற்குமேல் ஒன்றும் சேர்க்காமல் இருப்பது வெறுங்காலோடு நடப்பதைவிடக் கடினமாக இருந்தது. என் வேத வாழ்க்கை உண்மையில் தொடங்கியது அன்றைக்குத்தான் என்று சொல்லலாம். தொடங்க ஒரு கால் செலவாகியிருக்க வேண்டியதில்லை.

இதை வாசிக்கிற சலரோகக்காரருக்கு, நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும், ஒன்று சொல்கிறேன். நோன்பு வைக்க முன்னர் டொக்டரிடமும் உங்கள் குருவிடமும் கேளுங்கள். இருவரிடமும் உண்மையைச் சொல்லுங்கள். கால் நோகவில்லை என்றால் சந்தோசப்படாதீர்கள். என் கால் போனபின் சிலர் வந்து, இதுவும் ஒரு சிலுவைதான் என்றார்கள். நல்ல மனதோடு சொன்னார்கள். ஆனால் இது சிலுவை இல்லை, பிழை. எனக்கு அந்தக் கால் வேண்டும். இப்போதும் வேண்டும்.

செயற்கைக் கால் ஒன்று செய்து தந்தார்கள். கோயிலுக்கு ஊன்றுகோலோடு போகிறேன். முழந்தாளில் நிற்க முடியாது. எல்லாரும் முழந்தாளிடும்போது நான் மட்டும் வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் கூசியது, இப்போது பழகிவிட்டது. தம்பிக்கு என்ன நடந்தது என்று கடவுளிடம் இன்னும் கேட்கிறேன். பதில் இல்லை. முன்பு பதில் இல்லை என்று எழுந்து போனேன், இப்போது இருந்துகொண்டே கேட்கிறேன்.

உடம்பு ஒரு விசித்திரம். இல்லாத இடது கால் கடிக்கிறது. பெருவிரலுக்குப் பக்கத்தில் சொறியவேண்டும் போல இருக்கும், கை போனால் காற்றுத்தான். டொக்டர் இதற்கு ஃபாண்டம் லிம்ப் (வெட்டி எடுத்த உறுப்பு இன்னும் இருப்பதாக மூளை உணர்தல்) என்று பெயர் சொன்னார். இருக்கிற வலது காலோ ஒரு செய்தியும் சொல்லாமல் கிடக்கிறது. குனிந்து உள்ளங்காலைப் பார்க்க, மங்கிப்போன என் கண்ணும் இப்போது விடாது. அந்தக் காலைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.

அதனால் ஒவ்வொரு நாளும் பின்னேரம், வெளிச்சம் போக முன்னர், திரேசா நிலத்தில் இருந்து என் வலது காலைத் தன் மடியில் எடுத்து வைக்கிறாள். உள்ளங்காலைப் பார்க்கிறாள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கிறாள். அவள் தொடுவது எனக்குத் தெரியாது. அவளுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுடைய உதடு அசைகிறதையும் காண்கிறேன். திரும்பச் செபிக்கத் தொடங்கிவிட்டாளா என்று நான் கேட்கவில்லை.

நேற்று வழமையைவிட நேரம் எடுத்தாள். காலைத் திருப்பி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். இன்னும் கிட்டக் குனிந்தாள்.

"என்ன?"

"பொறுங்கோ."

பொறுத்தேன். சீலைத் தலைப்பால் எதையோ துடைத்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"மண்," என்றாள். "ஒண்டுமில்லை."

நாளைப் பின்னேரம்வரை எனக்கு ஒரு கால் இருக்கிறது.